கூடுதல் கணிதம் எவர்க்குக் கடமை?



மூன்றாம் படிவம் முடித்த பிள்ளைகள் நான்காம் படிவத்திற்குப் போகும் காலம் நெருங்கினால் நமது கடைத்தெருவில் ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் சற்றே அமர்பவர்களிடமும், சரக்கு லாரி வரும்வரை கடை வாசலில் காத்து நிற்பவர்களிடமும் அதைக் கேட்கலாம். "பையன் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமென்கிறான். அப்படியானால் ஆட் மேத்ஸ் எடு என்கிறார் வாத்தியார். அதை எடுத்தால் ஏ வராதாம். வேறு லேசான பாடத்தை எடுத்தால் ஏ வருமாம். என்ன பாய் செய்வது?" இதுதான் விவாதம்.

இது பாடசாலை விஷயம், ஆசிரியரும் மாணவனும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. மேலுக்குப் பாடத் தெரிவைப் போலத் தோன்றினாலும் இதனுள்ளே ஒரு பெரிய நியாயக் கேள்வி இருக்கிறது. பிறருக்காக ஒரு காரியத்தைச் செய்து தர முன்வருகிறவன், அந்தக் காரியத்தின் அடிப்படையை எவ்வளவு தூரம் அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்? தெரிந்தது போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று அவன் சொல்லலாமா? அவனுடைய தகப்பனார் அவனுக்காக அப்படிச் சொல்லலாமா?

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுவோம். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிள்ளைகளைப் பிரித்துப் போடும் பழைய முறை நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் எடுபட்டுவிட்டது. கட்டாயப் பாடங்கள் போக மற்றவற்றைத் தொகுப்புகளிலிருந்து தெரிந்து எடுத்துக்கொள்ளலாம். கணிதம் என்னும் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். பிள்ளைகள் ஆட் மேத்ஸ் என்று சொல்லும் கூடுதல் கணிதமோ தெரிவுப் பாடம். முன்னெல்லாம் அறிவியல் பிரிவில் பெயர் விழுந்தால் அதுவும் பெரும்பாலும் தானாகவே வந்து சேரும். யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பப் பள்ளியோடும் மத்ரஸாவோடும் படிப்பை நிறுத்திய நமக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகவே பேனாவைத் தொடுமுன் இரண்டு பாடத்தின் நூல்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, கணக்குத் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வோர் அத்தியாயமும் எதைப் பற்றியதென்று கேட்டறிந்தோம். நாம் எதிர்பாராத சங்கதிகள் அதில் இருந்தன.

கட்டாயக் கணிதத்தின் நான்காம் படிவ நூலிலேயே, பத்துப் பத்தாக எண்ணும் நம் வழக்கத்தை விட்டு இரண்டு இரண்டாக, ஐந்து ஐந்தாக, எட்டு எட்டாக எண்ணும் முறை வருகிறது. ஒரு கூற்று உண்மையா பொய்யா, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்குமா என்று ஆராயும் தருக்கம் வருகிறது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து வழி காணும் வலைப்பின்னல் கணக்கு வருகிறது. கணினி சாஸ்திரத்தின் வாசற்படிகள் இவை. "வெறும் மேத்ஸ்தானே" என்று இந்தப் பாடத்தை இளக்காரமாகப் பேசும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கூடுதல் கணிதத்தில் சார்பு, மடக்கை, எண் தொடர்கள், வெக்டர், வகையீடு, தொகையீடு, நிகழ்தகவுப் பரவல் முதலியவை இருக்கின்றன. பெயரைக் கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் அதே நூல்களில் குறியீட்டெண் என்று ஓர் அத்தியாயம். போன வருஷம் வெங்காயம், மிளகாய், சீரகம் என்ன விலை, இவ்வருஷம் என்ன விலை, நமது கொள்முதலில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பங்கு, மொத்தத்தில் செலவு எவ்வளவு ஏறியது என்று பார்க்கும் கணக்குத்தான் அது. நேரியல் திட்டமிடல் என்று மற்றோர் அத்தியாயம். கிடங்கில் இவ்வளவு இடம், கையில் இவ்வளவு முதல், இரண்டு சரக்கில் எதை எவ்வளவு வாங்கி அடுக்கினால் லாபம் மிகும் என்பது அதன் கேள்வி. இதை மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்து வியாபாரம் செய்து பிழைத்தவர்கள் நமது பெரியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கணக்கைக் காகிதத்தில் கண்டு பயப்படுகிறார்கள் என்றால் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.

"இதெல்லாம் வேலையில் உபயோகப்படுமா?" இப்படிக் கேட்பவர்கள் அதிகம். கணினித் தொழிலில் இருக்கும் நமது சமூகத்துப் பிள்ளைகள் சிலரைக் கேட்டோம். வகையீடும் தொகையீடும் அன்றாடம் தமக்கு வேண்டியிருப்பதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதே பிள்ளைகள் வேறொன்றும் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷத்திலேயே கணிதப் பாடங்கள் வரிசையாக வந்து நிற்கும். கூடுதல் கணிதம் படித்து வந்தவன் மூச்சு விட்டு நடப்பான், படியாமல் வந்தவன் ஓடிப் பிடிக்க வேண்டும். கணினி சாஸ்திரப் பட்டப்படிப்புக்குக் கூடுதல் கணிதத்தில் நல்ல தேர்ச்சி கேட்கும் இடங்கள் உண்டு. அது இல்லாதவரைச் சேர்த்துக்கொண்டு, ஈடுகட்டும் கணிதப் பாடம் ஒன்றை முதலில் படிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் செயற்கை அறிவு இயந்திரங்களைப் பயிற்றுவிப்பதற்கு அந்த வகையீட்டுக் கணக்கே அடியாதாரம் என்றும் சொன்னார்கள்.

இவை பயனைப் பற்றிய பேச்சு. பயனை மட்டும் பார்த்தால் விவாதம் முடிவடையாது. ஒருவனுக்குப் பயன்பட்டது இன்னொருவனுக்குப் பயன்படாது. அத்துடன், 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு புதிய வாதமும் கிளம்பியிருக்கிறது. "இனிமேல் புரோகிராமையும் மெஷினே எழுதிவிடும். கணக்கைப் போட்டுக்கொண்டு கிடப்பானேன்?" என்கிறார்கள். இந்த வாதத்திற்கு நமது தராசைக் கொண்டே பதில் சொல்லிப் பார்ப்போம்.

நமது பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பின்னங்களைப் பாதி பாதியாக ஓதி மனனம் செய்தார்கள். வீசம் பதினாறில் ஒன்று. அரைவீசம் முப்பத்திரண்டில் ஒன்று. கணினி பின்னங்களை எண்ணுவதும் இந்தப் பாதி பாதி முறையிலேதான். இப்போது ஒரு தராசை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கிலோவில் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், அதற்கும் பாதி, அதற்கும் பாதி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படிக்கல் இருக்கிறது. இவற்றைக் கொண்டு சரியாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிராம், நிறுத்துத் தர வேண்டும். வீசக் கல்லை வையுங்கள், 62.5 கிராம். அரைவீசத்தைச் சேருங்கள், 93.75. அடுத்த கல்லை வைத்தால் 100ஐத் தாண்டிவிடும், அதற்கடுத்ததும் தாண்டும். இரண்டையும் விட்டு, 256இல் ஒன்றான கல்லை வையுங்கள்; 97.66 என்று வரும். 512இல் ஒன்றையும் வையுங்கள், 99.61. இப்படி ஆயுள் முழுவதும் கல் வைத்துக்கொண்டே போகலாம். நூறை நெருங்கிக்கொண்டே இருக்குமேயன்றிச் சரியாக நூறு ஆகாது.

பத்துக் காசு என்பது ரிங்கிட்டில் பத்தில் ஒரு பங்குதானே? அதை ரிங்கிட்டின் பின்னமாகக் கணினியில் எழுதினால், மேற்சொன்ன தராசின் கதிதான். எங்கோ ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, ஏறக்குறைய இவ்வளவு என்று அது வைத்துக்கொள்ளும். ஒரு தடவை கூட்டினால் தெரியாது. லட்சம் தடவை கூட்டினால் கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகாமல் நிற்கும். இதை அறிந்த பையன் பணத்தை ரிங்கிட்டாக எண்ணாமல் காசாக, முழு எண்ணாக எண்ணும்படி எழுதிவிடுவான்; தொல்லை தீர்ந்தது. அறியாத பையனும் அழகான திரையோடு ஒரு கணக்குப் பொறியை நமக்கு விற்றுவிட்டுப் போவான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரொக்கத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டி வாங்குகிறோம். 2024 ஆகஸ்ட் முதல் மின் விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாக வரத் தொடங்கியது. காசுக் கணக்கெல்லாம் இன்னொருவர் எழுதிய விதியின்படி இயந்திரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல.

இந்தப் பத்தில் ஒன்று விவகாரம் சில்லறையோடு நிற்கவில்லை. 1991 பிப்ரவரி 25இல், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் எதிரி ஏவுகணையைத் தடுக்க நிறுத்தியிருந்த பேட்ரியட் பொறி தடுக்கத் தவறியது. நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும் அதன் கணக்கில் இதே சிறு பிசகு இருந்தது. சுமார் நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிசகு சேர்ந்து சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அன்று 28 அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் பிரிட்டனில் நடந்தது. அங்கே சிறு கடைக்காரர்கள் பலர் கடையோடு தபாலாபீஸையும் சேர்த்து நடத்துகிறார்கள். அவர்களில் நமது துணைக்கண்டத்து வம்சாவளியினரும் கணிசமாக உண்டு. தபால் நிர்வாகம் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்து வைத்தது. கல்லாவில் பணம் குறைகிறது என்று அந்தப் பொறி காட்டியது. கடைக்காரர், "நான் எடுக்கவில்லை" என்றார். இயந்திரம் பொய் சொல்லாது என்று நிர்வாகமும் நீதிமன்றங்களும் நம்பின. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பலர் கடையையும் மானத்தையும் இழந்தார்கள். அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்டவர்களின் குற்றத்தை நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இந்த அநியாயத்துக்குக் கணிதம் தெரியாமை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளாத அகம்பாவமே பெரிய காரணம். ஆனால், திரையில் தோன்றும் எண்ணுக்கு எதிராக, "இப்படி வர வழியில்லையே, எங்கே தவறு?" என்று உள்ளே இறங்கிப் பார்க்கக்கூடியவன் வேண்டுமல்லவா? கல்லாவில் உட்காருகிற நாம் அந்தக் கடைக்காரர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரமே எழுதிக் கொடுக்கும் காலத்தில் அப்படிப்பட்டவனின் தேவை ஏறுமேயொழிய இறங்காது.

இனிக் கடமை என்ற பேச்சுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கல்வியைப் பற்றிய பாகத்தில் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். உடல் நலத்துக்கு வைத்தியமும், கொடுக்கல் வாங்கலுக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் கணக்கும் பர்ளு கிபாயா என்பது அவர்கள் கருத்து. ஊரில் சிலர் கற்றால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும்; ஒருவருமே கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. ஆனால் அதே இடத்தில், கணக்கின் நுட்பங்களுக்குள் ஆழ்ந்து போவது கடமை ஆகாது, சிறப்பு மட்டுமே என்றும் சொல்கிறார்கள். கல்வி மேடைகளில் முதற் பகுதியை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டுப் பின்னதை விட்டுவிடுவது நமது பேச்சாளர்களின் வழக்கம். நாம் விடவில்லை. ஏனென்றால் கூடுதல் கணிதம் வேண்டாம் என்கிற தகப்பனார் அந்தப் பின் பகுதியைக் காட்டி, "இது பர்ளு அல்ல, பளீலத்துதானே?" என்று வாதாட இடமுண்டு.

அந்த வாதத்தை எடுத்துப் பார்ப்போம். தேவை எது, நுட்பம் எது என்பதைத் தொழில்தானே தீர்மானிக்கிறது? மளிகைக் கடைக்காரருக்கு வகையீடு நுட்பம். விமானம் செய்பவருக்கு அது தேவை. தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று தொழுகிறவர் கிராஅத்தின் சட்டங்களை விரிவாக அறியாவிட்டாலும் இமாமைப் பின்பற்றிப் போய்விடலாம். முன்னால் போய் நிற்க விரும்புகிறவர் அப்படிச் சொல்ல முடியாது. முன்னால் நில் என்று யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நிற்பேன் என்று அவராக வந்த பிறகு, பின்னால் நிற்பவர்களின் தொழுகையும் அவருடைய பொறுப்பில் சேர்ந்துவிடுகிறது. கணினியைப் பயன்படுத்துகிற நாமெல்லாம் பின் வரிசை. அதற்கு விதி எழுதிக் கொடுப்பவன் முன்னால் நிற்பவன். அவனுக்குக் கணிதம் பளீலத்து என்று சொல்லித் தப்ப முடியாதென்பது நமது அபிப்பிராயம். ஆலிம்கள் வேறு விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

விதி எழுதுவது என்றால் என்ன என்பதற்கு மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் பராயிளைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்குகள் நிர்ணயமாகியிருக்கின்றன. கணவனையும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளையும் விட்டு ஒரு பெண் மௌத்தானால், கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டிப் பாருங்கள், ஆறில் ஏழு வருகிறது. இருக்கும் சொத்தைவிடப் பங்கு அதிகம்! உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இத்தகைய வழக்கு வந்தபோது அவர்கள் சஹாபாக்களைக் கலந்து, ஆறை ஏழாக உயர்த்தி, கணவனுக்கு ஏழில் மூன்றும் சகோதரிகளுக்கு ஏழில் நான்கும் கொடுத்தார்கள். யாருடைய பங்கையும் அடியோடு வெட்டாமல் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ளும் முறை. அதற்கு அவ்ல் என்று பெயர். அலீ (ரலி) அவர்களிடம் மிம்பரில் நிற்கும்போதே இன்னொரு வழக்கு கேட்கப்பட்டதென்றும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று உடனே பதில் சொன்னார்களென்றும் பராயிள் பாடத்தில் நாம் ஓதியிருக்கிறோம். மனைவி, இரண்டு பெண் மக்கள், தாய், தகப்பன் ஆகியோர் வாரிசாக உள்ள வழக்கு அது.

அந்த வழக்கில் இறந்தவர் 54,000 ரிங்கிட் விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். அவ்ல் அறியாத ஒருவன் எழுதிய கணினி விதி மனைவிக்கு 6,750, பெண் மக்களுக்கு 36,000, தாய்க்கு 9,000, தகப்பனுக்கு 9,000 என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும். மொத்தம் 60,750. இல்லாத 6,750 ரிங்கிட்டுக்கு அது எங்கே போகும்? கடைசியாக நிற்பவர் தலையில் விழும். சரியான கணக்கில் மனைவிக்கு 6,000, பெண் மக்களுக்கு 32,000, தாய்க்கும் தகப்பனுக்கும் தலா 8,000. எல்லா வழக்குகளிலும் சரியாக வரும் விதி வேறு, பார்த்த நான்கு வழக்குகளில் சரியாக வந்த விதி வேறு. கூட்டினால் ஒன்றுக்கு மேல் போகுமா என்று சந்தேகப்படும் பழக்கம்தான் கணிதம் பயிற்றுவிப்பது. பிள்ளை அத்தியாயத்தை மறந்துபோகலாம். அந்தச் சந்தேகம் மறக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், கலீபா மஃமூன் காலத்தில், முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ எழுதிய நூலின் பெயரிலுள்ள அல் ஜப்ர் என்ற சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று. அவருடைய பெயரே லத்தீனில் திரிந்து அல்காரிதம் ஆயிற்று. கணினிக்கு எழுதிக் கொடுக்கும் செய்முறைக்கு இன்று உலகமெங்கும் அந்தப் பெயர்தான். வாரிசுப் பங்கு, மரண சாசனம், வழக்கு, வியாபாரம் ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டிய கணக்குக்காக எழுதுவதாகவே அவர் தம் நூலின் முன்னுரையில் சொன்னார். அதன் பெரும் பகுதி மரண சாசனக் கணக்குகளே. நம்மவர் பெருமையைப் பேசிக் கைதட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கைதட்டலை நிறையவே கேட்டாகிவிட்டது. பங்கு பிரிப்பதில் அநியாயம் வரக்கூடாது என்ற கவலையிலிருந்து ஓர் இல்மு எப்படி வளர்ந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

அப்படியானால் கணினி என்று வாயெடுத்த பிள்ளைகள் அனைவரையும் கூடுதல் கணிதத்தில் தள்ள வேண்டுமா? வேண்டாம். கணினி சம்பந்தமான வேலை ஒன்றல்ல. பழுது பார்ப்பது, வலைப்பின்னல் அமைப்பது, படம் வரைவது, கடைக்காரருக்கு மென்பொருளைக் கற்றுக்கொடுப்பது எல்லாம் ஹலாலான, மரியாதையான தொழில்கள். டிப்ளோமா வழியும் கைத்தொழில் வழியும் திறந்திருக்கின்றன. மூன்று வருஷம் முயன்றும் அடிப்படைக் கணிதமே ஏறாத பிள்ளையைக் கூடுதல் கணிதத்தில் உட்கார வைத்து இரண்டு வருஷம் அழ வைப்பது வளர்ப்பு ஆகாது. சில பள்ளிக்கூடங்களில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்பதும் நமக்குத் தெரியும். அங்கே பிள்ளையைக் குறை சொல்லிப் பலனில்லை.

நாம் பேசுவது முடிகிற பிள்ளையைப் பற்றி. அவனுக்குக் கணக்கு வரும், கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும், ஏ கிடைக்காமல் பி அல்லது சி கிடைக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அத்தா சொல்கிறார்: "வேண்டாமடா, ரிசல்ட் அசிங்கமாகிவிடும்." அன்பினால்தான் சொல்கிறார். ஆயினும் அந்த அன்பில் பிள்ளையின் வருங்காலம் எவ்வளவு, உறவினர் முன் காட்ட வேண்டிய தாளின் அழகு எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த பாடத்தைச் சரிவராவிட்டால் முதல் சில மாதங்களுக்குள் பள்ளிக்கூடத்தில் பேசி விட்டுவிடலாம். எடுக்காத பாடத்தை ஐந்தாம் படிவத்தில் பிடிக்க முடியாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முதல் போட்டுச் சரக்கெடுத்துப் பழகிய தகப்பனாருக்குத் தெரியும். ஆகையால் முடிவு பிள்ளையுடையதே என்று சொல்லி அவர் ஒதுங்குவதும் சரியல்ல, தாமே முடிவு செய்து கதவைச் சாத்துவதும் சரியல்ல.

இதில் நமது சங்கங்களுக்கும் பங்கிருக்கிறது. வருஷா வருஷம் கல்விப் பரிசளிப்பு நடத்துகிறோம். எட்டு ஏ, ஒன்பது ஏ என்று எண்ணிக் கேடயம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், உபகாரச் சம்பளமும் அந்த எண்ணிக்கைப்படியே போகிறது. கடினமான பாடத்தை எடுத்து அதில் ஒரு பி வாங்கிய பிள்ளை மேடைக்கு வருவதில்லை. லேசான பாடமாகப் பார்த்துப் பொறுக்கிய பிள்ளை வருகிறது. இதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வருஷத்துப் பிள்ளையும் அதன் அத்தாவும் முடிவெடுக்கிறார்கள். கூடுதல் கணிதத்தைத் தவிர்க்கச் சொல்லி யாரும் அறிக்கை விடவில்லை. ஆனால் பரிசு கொடுக்கும் முறையே அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சங்கத்தின் பணம் ஊராரின் அமானத். அது எதை வளர்க்கிறது என்று நிர்வாகிகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உதவி கேட்டு வரும் மனுவில் எத்தனை ஏ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எந்தப் பாடங்கள், அடுத்து எதைப் படிக்கப் போகிறார் என்ற கட்டமும் வேண்டும். கணினி சாஸ்திரத்துக்குப் போகிற பிள்ளை கூடுதல் கணிதத்தில் சி வாங்கியிருந்தால், அந்த சி கணினிக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஏயைவிடக் கனமானது என்று எடைபோட வேண்டும்.

டியூஷன் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடுதல் கணிதத்துக்குத் தனி டியூஷன் இல்லாமல் முடியாது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எடுக்கிறது. கடையில் கூலிக்கு நிற்பவரின் பிள்ளை பயந்து விட்டுவிடுகிறது. நமது சமூகத்தில் பல்கலைக்கழகம் முடித்த வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் இரண்டு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே, மத்ரஸாவின் ஓர் அறையைத் திறந்துவிட்டால் இருபது பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடலாம். விளக்குச் செலவும் வெண்பலகையும் தவிரப் பெரிய செலவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் கடைசியில் வந்தாலும் முக்கியத்தில் கடைசியல்ல. மகனுக்காவது விவாதம் நடக்கிறது. மகளுக்குப் பல வீடுகளில் விவாதமே நடப்பதில்லை. "அவளுக்கு எதற்கு இந்தக் கஷ்டம்" என்று ஒரே பேச்சில் முடிந்துவிடுகிறது. கணக்கில் அண்ணனைவிடக் கெட்டிக்காரியான பெண் கணக்கே வராத பாடத்தொகுப்பில் போய் உட்காருவதை நமது தெருவிலேயே காண்கிறோம். இந்த வருஷம் பாடத்தெரிவுப் பாரம் வீட்டுக்கு வரும்போது, மகனுடைய பாரத்தை எந்த அக்கறையோடு பார்க்கிறோமோ அதே அக்கறையோடு மகளுடையதையும் வாங்கிப் படித்து, அவளிடமே கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுமாறு சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.